பூவா தலையா போட முடியாத காசு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பீங்கான் ஜாடிகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே பழைய காசுக் கிண்ணம் கண்ணில் பட்டால் கிளறிப் பாருங்கள். நடுவில் ஓட்டையுள்ள பழுப்பு வளையம் ஒன்று விரலில் தட்டுப்படலாம். அதுதான் ஓட்டைக் காலணா. 1943இல் பிறந்தது, 1947இல் முடிந்தது.

அன்று ரூபாய்க்கு 64 காலணா. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலணா ஏறத்தாழ 5 கிராம் வெண்கலம். போரோ தோட்டா உறைகளுக்குச் செம்பு கேட்டது. ஊரெங்கும் சில்லறைத் தட்டுப்பாடு வேறு. அதனால் புதிய காசை 2 கிராமில் முடித்தார்கள். நாலு காசு சேர்ந்தால்தான் ஒரு பவுன் எடை! முன்பு ஒரு ரூபாய்க்கான காலணாக்கள் 300 கிராமுக்கு மேல் மடியை இழுத்தன. இப்போது 130 கிராமுக்குள் அடங்கிவிட்டன.

இத்தனை மிச்சமும் ஓட்டை தந்ததா? இல்லை. காசின் விட்டம் 25 மி.மீ.யிலிருந்து 21 ஆனது. நாலு மி.மீ. அற்பமாகத் தெரியும், ஆனால் தோசையைச் சுற்றிலும் ஓரம் கிள்ளினால் எவ்வளவு போய்விடும் என்று நினைத்துப் பாருங்கள். பரப்பில் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிட்டது. தடிப்பையும் குறைத்தார்கள். மீதியை ஓட்டை விழுங்கியது. கூடவே ஒரு வசதி: இருட்டிலும் விரல் இதை அடையாளம் கண்டுகொள்ளும், கயிற்றிலும் கோக்கலாம்.

ஓட்டை இன்னொன்றையும் விழுங்கியது: ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான். மேலே கிரீடம் மட்டும் மிஞ்சியது, மறுபுறம் இலைவளையம். சுண்டிவிட்டுத் 'தலை' கேட்டால் கிடைக்காது!

சேகரிப்பவர்களின் வேட்டை அந்தக் கிரீடத்தில்தான் தொடங்குகிறது. சில காசுகளில் அது தட்டை, சிலவற்றில் உருண்டை. அடுத்து அக்கசாலைக் குறி, அதாவது காசு எங்கே அடிக்கப்பட்டது என்று சொல்லும் நுண்ணிய அடையாளம். கல்கத்தா, பம்பாய், லாகூர் அக்கசாலைகள் இதை அடித்தன. 1943இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவும் கைகொடுத்தது. கோடிக்கணக்கில் வந்த காசு, ஆதலால் பெரும்பாலும் மலிவு. அரிதானதைப் பிரித்துக் காட்டுவது உருப்பெருக்கிக் கண்ணாடிதான்.

கிடைத்த காசைப் புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். பித்தளை அண்டாவுக்குப் பொருந்தும் வைத்தியம் இதற்கு ஆகாது. செம்பும் காற்றும் பல்லாண்டு சேர்ந்து உண்டாக்கிய பழுப்பு மேற்படலத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். காசு பளபளக்கும், மதிப்பு இறங்கும்.

1950இல் இந்தியக் குடியரசு வெளியிட்ட காலணாவில் ஓட்டை இல்லை, குதிரை வந்தது. ஆனால் 1948இல் பாகிஸ்தான் தன் முதல் காலணாவை ஓட்டையோடுதான் அடித்தது. கிரீடம் இருந்த காசில் பிறை ஏறியது. எல்லைக்கு அப்பாலும் மாறாமல் போனது, காசில் இல்லாத அந்த வட்டம்தான்.