ஈயின் உடலில் ஒரு பேருருவம்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயை நாம் அலட்சியமாக விரட்டுகிறோம். பரம்பரைக் கூறுகளான ஜீன்களை ஆராய்வோருக்கோ அது பெருஞ்செல்வம். அதன் புழுப்பருவத்தில், உமிழ்நீர்ச் சுரப்பியின் உயிரணுக்கள் பிளவுறாமலே, ஜீன்களைத் தாங்கும் குரோமோசோம் இழைகளைப் பன்முறை இரட்டித்துக்கொள்கின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகள் ஒன்றுசேர்ந்து, குறுக்குக் கோடுகளிட்ட வடம்போல் பருக்கின்றன.

கொசுவை ஒத்த வேறோர் ஈயின் புழுவில் பால்பியானி 1881-இல் இத்தகைய வடங்களைக் கண்டார். அவை குரோமோசோம்களே என்பது 1933-இல் தெளிவாயிற்று. பின்னர், வெப்பம் மிகுந்த பெட்டியிலிருந்த பழ ஈப் புழுக்களில் வடத்தின் சில இடங்கள் புடைத்திருப்பதை இத்தாலியரான ரிட்டோசா கண்டார். ஜீன்கள் விழித்துச் செயற்படுவதன் அடையாளம் அது. பயனற்ற செய்தியென ஓர் ஏடு மறுத்த அவர் கட்டுரையை, 1962-இல் மற்றோர் ஏடு வெளியிட்டது.

வெப்பம் தாக்குங்கால் உயிரணுவைக் காக்கும் புரதங்களை அந்த ஜீன்களே ஆக்குவிக்கின்றன. அத்தகைய புரதங்கள் நம் உடலிலும் உண்டு. நாம் விரட்டும் ஈயே நம் உடற்காவலின் இரகசியத்தை உணர்த்திற்று!