மூளையின் தமனி வளையமும் அறுவைச் சிகிச்சையும்

மூளையின் அடிப்பாகத்தில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியமையால், அவ்வளையம் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு பக்கத்துத் தமனி அடைபட்டாலும் மறுபக்கத்திலிருந்து இரத்தம் வந்து சேர இஃது வழி செய்கிறது. எனினும், நூல்களில் வரையப்பெறும் முழு வளையம் பாதிப் பேருக்கும் குறைவானோரிடமே உண்டு. ஏனையோரிடம் ஏதேனும் ஒரு கிளை நூலிழைபோல் மெலிந்தோ, அறவே இல்லாமலோ இருக்கும். அவர்களுட் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் இதனை அறியார்.

தமனிப் புடைப்பு தோன்றும்போதுதான் இம்மாறுபாடு அபாயமாகிறது. தமனி கிளைக்கும் இடத்தில் இரத்தவோட்டம் ஓயாது மோதுவதால் சுவர் நலிந்து, சிறு பைபோல் உப்புவதே புடைப்பு. மருத்துவர் இதனை அனியூரிசம் என்பர். முன் மூளைத் தமனிகள் இரண்டையும் இணைக்கும் குட்டையான குழாயில் இது மிகுதியாகத் தோன்றும். ஒரு பக்கத்து முன் தமனியின் முதற்பகுதி மெலிந்திருந்தால், மற்றத் தமனியே இரு பக்கங்களுக்கும் இரத்தம் ஊட்டவேண்டும். அப்பொழுது இணைப்பிடத்தில் விசை மிகுகிறது. புடைப்பும் அங்கேயே உண்டாகிறது.

புடைப்பு வெடித்தால், அதுவரை கண்டறியாத கொடிய தலைவலி நொடிப்பொழுதில் தாக்கும். மூளையைச் சுற்றிப் பரவிய இரத்தத்தை ஸ்கேன் படம் காட்டும். ஆயினும் தமனிகளின் அமைப்பை அறிய, 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தோற்றுவித்த ஆஞ்சியோகிராம் முறையே இன்றும் உரைகல். இதில் ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து நிறுத்திக்கொள்ளலாகாது. மெலிந்த பக்கத்தில் மருந்து செலுத்தினால் புடைப்பு படத்தில் தெரியாமலே போகக்கூடும். எதிர்ப்பக்கத்தில் செலுத்தினாலோ இரு முன் தமனிகளும் புடைப்பும் ஒருங்கே தெரியும்.

1937-இல் பால்டிமோரில் வால்ட்டர் டாண்டி புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியைப் பொருத்தி, தாய்த்தமனியைக் காத்தார். இக்காலத்துக் கவ்விகள் பல டைட்டேனியத்தால் ஆனவை. அறுவை நுண்ணோக்கியின் கீழ் நடைபெறுகிறது. தொடைத் தமனி வழியே பிளாட்டினச் சுருளைச் செலுத்திப் புடைப்பை உள்ளிருந்து நிரப்பும் முறையும் 1990-களிலிருந்து பரவியுள்ளது. எம்முறையாயினும், இரு பக்கங்களுக்கும் ஊட்டும் அவ்வொற்றைத் தமனி நெருக்குண்டால் இரு கால்களும் வலுவிழக்கலாம். மனத்தின் ஊக்கமே அற்றுப்போகவும் கூடும். அருகிலிருந்து பிரியும் ஹூப்னர் தமனி, மிகச் சிறியதாயினும், அடைபட்டால் முகமும் கையும் தளரும். ஆகவே கவ்வி பொருத்தியபின் ஒளிரும் சாயத்தை நரம்பூசி வழியே செலுத்தி, ஒவ்வொரு கிளையிலும் ஓட்டம் உள்ளதா எனப் பார்க்கின்றனர். ஒன்று மங்கினாலும் கவ்வியைக் கழற்றி, மீண்டும் பொருத்திய பின்னரே மண்டையோட்டை மூடுவர்.