டிசம்பர் 7-ஆ, 8-ஆ? ஒரு போர் நாளும் அன்று பிறந்தவர்களும்



"ஜப்பான் 1941 டிசம்பர் 7-இல் பேர்ள் ஹார்பரைத் தாக்கியது, மறுநாள் மலாயாவைத் தாக்கியது." இந்த வாக்கியத்தை மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம். தேதிகள் இரண்டும் சரிதான். ஆனால் வரிசை தவறு! முதலில் தாக்கப்பட்டது மலாயாதான்.

எப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடிகாரம் சொல்லும் உண்மை

ஹவாயில் பேர்ள் ஹார்பர் தாக்குதல் தொடங்கியது டிசம்பர் 7, காலை ஏறத்தாழ 7.55-க்கு. அன்றைய நேரக் கணக்கில் மலாயா, ஹவாயைவிட 18 மணி நேரம் முன்னால் இருந்தது. 7.55-உடன் 18 மணி நேரத்தைக் கூட்டுங்கள். மலாயாவில் அப்போது டிசம்பர் 8, அதிகாலை 1.55.

ஆனால் கிளந்தானின் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கத் தொடங்கியது, அதே இரவு 12.30-க்கும் 12.45-க்கும் இடையில். அதாவது, பேர்ள் ஹார்பருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பாக! அங்கே கரையைக் காத்து நின்றவர்களில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் டோக்ரா வீரர்களும் இருந்தார்கள்.

விடிவதற்குள் சிங்கப்பூரிலும் குண்டுகள் விழுந்தன. ராஃபிள்ஸ் பிளேஸ், தெங்கா, சிலேத்தார் ஆகிய இடங்கள் தாக்கப்பட்டன. தெருவிளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. 61 பேர் உயிரிழந்தனர். "மறுநாள்" என்று நாம் எழுதும்போது, இந்த மண்ணில் நடந்தது வேறொரு சம்பவத்தின் வால் போல ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லில் கவனம் தேவை.

அன்று பிறந்தவர்கள்

மெல்பா பட்டில்லோ பீல்ஸ்: அமெரிக்காவில் 1941 டிசம்பர் 7-இல் பிறந்தவர். 1957-இல் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்களில் ஒருவர். அவர்கள் பள்ளிக்குள் நுழைய ராணுவமே பாதுகாப்புக்கு வரவேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 15. நம் படிவம் 3, படிவம் 4 மாணவர்களின் வயதுதான்.

ஜெஃப் ஹர்ஸ்ட்: இங்கிலாந்தில் 1941 டிசம்பர் 8-இல் பிறந்தவர். 1966 உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர். இங்கிலாந்து 4-2 என வென்றது. இங்கேயும் கடிகாரத்தைப் பாருங்கள்: இங்கிலாந்தில் 8-ஆம் தேதி பிறந்தபோது, மலாயாவில் காலை மணி 6.30. கோத்தா பாருவில் சண்டை தொடங்கிப் பல மணி நேரம் ஆகிவிட்டது.

அப்படியென்றால் இந்தி நடிகர் தர்மேந்திரா? அவரும் டிசம்பர் 8 தானே? ஆமாம், ஆனால் 1935-இல். அவர் "அதே தேதியில்" பிறந்தவர். "அன்று" பிறந்தவர் அல்லர். இரண்டையும் குழப்பக்கூடாது.

தேர்வில் எப்படி எழுதலாம்?

1. தேதியோடு இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்: "ஹவாய் நேரப்படி டிசம்பர் 7", "மலாயா நேரப்படி டிசம்பர் 8".

2. "மறுநாள்", "அதே நாள்", "பிறகு" என்று எழுதும் முன், யாருடைய கடிகாரம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. போர் நாளில் பிறந்ததால்தான் ஒருவர் போராளியானார் என்றெல்லாம் எழுத வேண்டாம். பிறந்த தேதி காரணம் ஆகாது. வயதை அளக்க மட்டுமே உதவும். போர் 1945-இல் முடிந்தபோது ஹர்ஸ்டுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. இப்படி எழுதினால் போதும், காலம் கண்முன் நிற்கும்.

ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு சிறு பயிற்சி: முதலில் காட்டிய தவறான வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே திருத்தச் சொல்லுங்கள். விடை இப்படி அமையலாம்: "மலாயா நேரப்படி 1941 டிசம்பர் 8 நள்ளிரவுக்குப் பின் ஜப்பான் கோத்தா பாருவைத் தாக்கியது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் பேர்ள் ஹார்பரும் தாக்கப்பட்டது."