சட்டைக்கையை விடாத கை

ஜூடோவில் ஒருவர் இன்னொருவரைத் தூக்கி எறியும்போது எறிபவரின் கையைக் கவனியுங்கள். எதிராளியின் சட்டைக்கையை அது விட்டிருக்காது. அவர் பாயில் விழும் கணத்தில் அந்தக் கை லேசாக மேலே இழுக்கும். உடல் பக்கவாட்டில் இறங்கும்; தலை தப்பும்.

விழுபவருக்கும் வேலை உண்டு. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, நீட்டிய கையால் பாயை ஓங்கி அறைவார். இதன் பெயர் உகெமி. தடுக்கி விழுந்தால் நாம் கையை ஊன்றுவோம். மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு முறியலாம். உகெமியில் அதே விசை உள்ளங்கை, முழங்கை, தோள், முதுகு என்று பரவிவிடுகிறது. அதனால்தான் புதிதாகச் சேர்பவருக்கு எறியக் கற்றுத்தருவதற்கு முன்பே விழக் கற்றுத்தருகிறார்கள்.

1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில், ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. பழைய தற்காப்புக் கலையான ஜுஜுத்சுவில் இருந்த குத்து, உதை போன்ற ஆபத்தான அடிகளை அவர் முறைப்படி செய்துகாட்டும் பயிற்சிக்கு ஒதுக்கினார். மிஞ்சிய பிடிகளை முழு பலத்தோடு, எதிர்த்து நிற்கும் ஆளிடமே தினமும் பழகலாம். ஆபத்தைக் குறைத்ததால் கலை நீர்த்துப்போகவில்லை, கூர்மையானது. கானோவின் மேதைமை இதில்தான் என்பேன். தானும் பிறரும் சேர்ந்தே வளர வேண்டும் என்று பின்னாளில் அவர் கொள்கையாகச் சொன்னது, பாயில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததுதான்.

இந்தக் கொள்கைக்குக் கடுமையான சோதனை கழுத்துப்பிடி. மூச்சை அடைப்பது அதன் நோக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக விழுந்த பிடி மூச்சுக்குழாயை விட்டுவிட்டு, கழுத்தின் இருபுறமும் ஓடும் கரோட்டிட் தமனிகளை அழுத்துகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் ஏதும் இல்லை. ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சுமார் 10 நொடிகளில் நினைவு தப்பும்.

முழங்கையை எதிர்த்திசையில் வளைத்தால் வலி எச்சரிக்கும். கழுத்துப்பிடியில் பெரிதாக வலிக்காது. ஆகவே மாட்டியவர் வலிக்குக் காத்திராமல் கையால் இரண்டு முறை தட்ட வேண்டும். கை சிக்கியிருந்தால் காலால். தட்டு விழுந்ததும் பிடி தளர வேண்டும். வீம்புக்குத் தட்டாமல் இருப்பவர்களும் உண்டு. அதனால் பிடித்திருப்பவர் எதிராளியின் உடல் துவள்கிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டிய பிறகும் விடாதவருக்கு மறுநாள் பயிற்சிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.