கட்டை விரலுக்குத் தெரியாத கம்ப்யூட்டர்

முதல் நாள் வகுப்பில் மானிட்டரை விரலால் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. படம் நகர்வதில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் மேஜையில் கிடக்கும் மவுஸ் நினைவுக்கு வருகிறது. இவர்கள் ஒன்றும் உலகம் தெரியாதவர்கள் அல்ல. கையிலிருக்கும் செல்போனில் ஊருக்குப் பணம் அனுப்பவும், ரயில் டிக்கெட் எடுக்கவும், வீடியோவை வெட்டி ஒட்டவும் தெரிந்த 19, 20 வயதுக் கல்லூரி மாணவர்கள்தான். கம்ப்யூட்டர் மட்டும் புதிது.

இடம், புனே. ஹிஞ்ஜேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் அதே நகரம். ஆனால் ஊரின் நடுவே சதாசிவ் பேட், நாராயண் பேட் சந்துகளில் வசிப்பது வேறொரு புனே. பீட், லாத்தூர், சோலாப்பூர் என்று மாநிலத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து எஸ்.டி. பஸ் பிடித்து ஸ்வார்கேட்டில் வந்து இறங்கும் பிள்ளைகளின் புனே அது. காட் வாடகை, மெஸ் சாப்பாடு, ‘அப்யாசிகா’ எனப்படும் வாசிப்பு அறைகளில் மாதக் கட்டணத்துக்கு ஒரு நாற்காலி. பகலில் கல்லூரி, இரவில் அரசு வேலைக்கான போட்டித் தேர்வுப் படிப்பு. இடையில் இரண்டு மணி நேரத்தைக் களவாடி இவர்கள் போகிற இடம்தான் கம்ப்யூட்டர் கிளாஸ்.

ஆசையால் மட்டும் போகிறார்கள் என்று சொல்ல முடியாது. மகாராஷ்டிர அரசில் குமாஸ்தா வேலை முதல் பல பதவிகளுக்குக் கம்ப்யூட்டர் அறிவுக்கான சான்றிதழ் வேண்டும். அதற்காக மாநிலத்தில் மிகப் பரவலாக எடுக்கப்படுவது ‘எம்.எஸ்.-சி.ஐ.டி.’ என்ற அடிப்படைப் படிப்பு. இதை நடத்தும் மகாராஷ்டிரா நாலெட்ஜ் கார்ப்பரேஷன் 2001-ல் மாநில உயர்கல்வித் துறையின் முயற்சியில் உருவானது. தலைமையகம் புனேவில். சிறிய ஊர்களின் மாடிக் கட்டடங்களில்கூட இதன் பயிற்சி மையப் பலகையைப் பார்க்கலாம். மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று விரும்பிய மொழியில் படிக்கலாம். தேர்வை மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியம் நடத்துகிறது. மொத்தம் 100 மதிப்பெண். வகுப்பில் செய்த பயிற்சிக்குப் பாதி, இறுதித் தேர்வுக்குப் பாதி. கட்டணம் சில ஆயிரம் ரூபாய். மழை பொய்த்த வருஷத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இது யோசித்துச் செலவிட வேண்டிய தொகை.

மராட்வாடா கிராமம் ஒன்றிலிருந்து வந்த பி.ஏ. மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இதில் அவருக்கு ஏகப்பட்ட துணை. 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய கிராமங்களில் 100 வீடுகளுக்கு நாலரைகூட இல்லை, 4.4 வீடுகளில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. நகரங்களில் 23.4. பள்ளிக்கூடத்தில் ‘கம்ப்யூட்டர் ரூம்’ இருந்திருக்கலாம், பூட்டும் இருந்திருக்கலாம். ஆக, மவுஸை அவர் கை முதன்முறையாகப் பிடிப்பது இங்கேதான்.

மவுஸ் நாம் நினைப்பதைவிடப் பொல்லாத ஜந்து. கை ஒரு இடத்தில், கண் வேறு இடத்தில். விரல் தொட்ட இடத்திலேயே வேலை நடக்கும் செல்போனுக்குப் பழகியவருக்கு, மேஜையில் நகர்த்தினால் திரையில் அம்பு ஓடுவது முதலில் விளங்குவதில்லை. மேஜை விளிம்பு வந்ததும் மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மீண்டும் நகர்த்தலாம் என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும். இரட்டைச் சொடுக்கு இன்னும் மோசம். முதல் சொடுக்குக்கும் இரண்டாவதற்கும் இடையே கை அசைந்தால் கோப்பு திறப்பதற்குப் பதிலாகப் பெயர்ந்து எங்கோ போய்விடுகிறது. ஆனாலும் இதெல்லாம் நாலைந்து நாள் சங்கதி. அட்டையில் சீட்டுக்கட்டை அடுக்கும் அந்தப் பழைய விளையாட்டு இந்த விஷயத்தில் எந்தப் பாடத்தையும்விட நல்ல ஆசிரியர்.

நிஜமான சிக்கல் அடுத்த வாரம் வருகிறது. ஒரு பக்கம் டைப் செய்து, ‘சேவ்’ செய்து, வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. செல்போனில் எடுத்த போட்டோ எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேலரியைத் தொட்டால் வருகிறது. கம்ப்யூட்டரோ பழைய தாலுகா ஆபீஸ் போன்றது. பீரோ, பீரோவுக்குள் தட்டு, தட்டுக்குள் கட்டு, கட்டுக்குள் கோப்பு. எந்தக் கட்டில் வைத்தோம் என்று வைத்தவர்தான் நினைவில் கொள்ள வேண்டும். இந்தக் குழப்பம் மராட்வாடாவுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் பாடம் எடுக்கும் பேராசிரியர்களே தங்கள் மாணவர்களுக்கு ‘ஃபோல்டர்’ என்றால் என்னவென்று புரியவில்லை என்று 2021 வாக்கில் புலம்பியது செய்தியானது. தேடினால் கிடைக்கும் என்று வளர்ந்த தலைமுறைக்கு, வைத்த இடம் என்ற எண்ணமே அந்நியம்.

1990களில் இதே நகரத்தில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. அறைக்குள் பயபக்தியோடு நுழைய வேண்டும். கறுப்புத் திரையில் ‘சி’ என்ற எழுத்தும் ஒரு கோடும் மினுங்கும். கட்டளையில் ஓர் எழுத்து பிசகினால் தப்பு என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். ஒரு ஃபிளாப்பியைப் பொக்கிஷம் போல நோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிவார்கள். ஒரு நன்மை: கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு காரியமும் நடக்காது. எனவே தெரிந்தே தீர வேண்டியிருந்தது.

டைப்பிங் வகுப்பில்தான் மாணவி தடுமாறுவதும் தேறுவதும். செல்போனில் இரண்டு கட்டை விரல்களும் பறக்கும். இங்கே பத்து விரல் வேண்டும். சுண்டு விரலுக்கும் வேலை உண்டு என்பதே அதிர்ச்சி. மராத்தி டைப்பிங் என்றதும் பலருக்கு நிம்மதி வருவதற்குக் காரணம், ‘இன்ஸ்கிரிப்ட்’ விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். பள்ளியில் படித்த அரிச்சுவடி வரிசையின் தர்க்கம் ஓரளவு அப்படியே இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1986-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை வகுத்த அமைப்பு இது. ‘கே’ விசையைத் தட்டினால் மராத்தியிலும் ‘க’, தமிழிலும் ‘க’. ‘ஜே’ என்றால் ‘ர’, ‘எல்’ என்றால் ‘த’, ‘ஹெச்’ என்றால் ‘ப’. புனேவில் மராத்தி டைப்பிங் தேறிய ஒருவர், தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும், அதே விரல்களால் தமிழையும் அடிக்கலாம். புனேவிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது கைமேல் கிடைத்த வசதி. தமிழ்நாட்டில் நிலைபெற்றது வேறு. 1999 சென்னை மாநாட்டையொட்டி வந்த தமிழ்-99. அதிலும் உயிர் இடது, மெய் வலது என்றாலும் விசைகள் வேறு.

இந்திய எழுத்துகளைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்ததில் புனேவுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்ததையடுத்து, 1988-ல் இங்கே தொடங்கப்பட்டது சி-டாக் நிறுவனம். விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் ‘பரம் 8000’ தயாரானது. அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோன இன்னொரு வேலை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்து இங்கே வளர்ந்த ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த கம்ப்யூட்டரில் தேவநாகரியையும் தமிழையும் தெரிய வைத்தது அது. சி-டாக்கில் பணியாற்றிய விவேக் சாவந்த்தான் பின்னாளில் நாலெட்ஜ் கார்ப்பரேஷனின் நிர்வாக இயக்குநரானார். சூப்பர் கம்ப்யூட்டருக்கும் மாடி மேல் மவுஸ் வகுப்புக்கும் இப்படியும் ஓர் உறவு.

சான்றிதழ் கட்டாயம் என்றானதும் வரும் வியாதிகள் இங்கேயும் வந்தன. அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளில் தேர்வுக்கான வினா விடைப் புத்தகம் இல்லாத போட்டித் தேர்வு எது? நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது போல, எந்த விசையைத் தட்டினால் ‘காப்பி’, எதைத் தட்டினால் ‘பேஸ்ட்’ என்று உருப்போட்டுத் தேறிவிடலாம். ஏற்கெனவே வேலையிலிருந்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் 2007 இறுதிக்குள் இந்தச் சான்றிதழைப் பெறச் சொன்னது மாநில அரசு. கெடுவைத் தவறவிட்டவர்களின் சம்பள உயர்வைத் திரும்பப் பிடிக்கும் விவகாரம் பல ஆண்டுகள் இழுத்தது. கரும்பலகையில் 25 வருஷம் எழுதிய கை, ஓய்வுபெறும் வயதில் மாணவர்களோடு உட்கார்ந்து மவுஸ் பழகியது.

தமிழ்நாடு வேறு வழியில் போய்ப் பார்த்தது. 2011-ல் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப்பை வீட்டுக்கே கொடுத்தது. ஆனால் அரசுத் தட்டச்சர் வேலைக்கு அங்கேயும் ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழ் கேட்கிறார்கள். கருவியா, காகிதமா என்று கேட்டால், கருவி கையிலிருப்பவருக்குக் காகிதம் சுலபம் என்பதுதான் அனுபவம். வகுப்பில் கிடைப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம். அதற்குமேல் தட்டிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் இல்லாத மாணவிக்கு, சனிக்கிழமை கற்றது திங்கட்கிழமை பாதி மறந்திருக்கும். எக்செல்லில் கூட்டல் போட்டதும் அப்படித்தான். அந்தப் பாடம் நடந்த வாரம் ஊரில் அறுவடை என்று போனால், அதுவும் போச்சு.

அப்படியும் தேறுகிறார்கள். சான்றிதழ் வருகிறது. அடுத்து அரசு வேலை விளம்பரம் வருகிறது; விண்ணப்பம் இணையத்தில்தான். வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடையில் வரிசை. போட்டோவைக் குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்கி, கையெழுத்தை ஸ்கேன் செய்து, பெயரில் ஓர் எழுத்து பிசகாமல் நிரப்பிக் கொடுக்கக் கடைப் பையன் ஒரு தொகை வாங்குகிறான். தப்பாக அடித்தால் வருஷம் போய்விடும் என்ற பயத்தில், சான்றிதழ் வைத்திருப்பவர்களும் அவன் முன்னால்தான் நிற்கிறார்கள். எப்போதாவது ஒருத்தி, நகர்ந்துகொள் நானே அடிக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். கடைக்காரன் அதற்கும் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொள்கிறான்.