எங்கள் பக்கத்து ஓட்டல்கள்: எங்கே சாப்பிடலாம்? எப்படிச் சாப்பிடலாம்?

“ஓட்டலா? வேண்டவே வேண்டாம்!” எங்கள் வீட்டில் ஆறு வருஷம் இதுதான் சட்டம். சட்டம் போட்டவள் நான்தான்.

காரணம் இருந்தது. என் பையன் நாலாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான். கண்ணும் நகமும் மஞ்சளாகி, ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்காமல் அவன் கிடந்த கோலத்தைப் பார்த்து நான் அழாத நாளில்லை. முந்தின வாரம்தான் ஓர் ஓட்டலில் பரோட்டா வாங்கிக் கொடுத்திருந்தோம். பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டேன்.

டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “இந்தக் கிருமி உடம்புக்குள்ள போயி, வெளியே தெரிய 15 நாள்லேருந்து 50 நாள் வரைக்கும் ஆகும்மா. போன வாரம் சாப்பிட்டதை ஏன் குத்தம் சொல்றீங்க? போன மாசம் எங்கே என்ன தண்ணி குடிச்சான்னு யோசிங்க” என்றார். யோசித்தேன். ரோட்டோரம் ஐஸ் போட்டுக் குடித்த கரும்புச் சாறு ஞாபகம் வந்தது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கரும்புக்கா பஞ்சம்? சாற்றில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீர் என்று யார் கேட்கிறோம்?

பையன் தேறிவிட்டான். எனக்குப் பயம் தேறவில்லை. எங்கே போனாலும் டிபன் கேரியரும் கையுமாகத்தான் போவேன்.

கேரியர் கற்றுத் தந்த பாடம்

ஒரு சித்திரை மாதம் என் மாமியாரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் ஏறினால் நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், பரங்கிப்பேட்டை என்று ஒரே தடம்தான். ராத்திரியே இட்லி ஊற்றி, தேங்காய்ச் சட்டினி அரைத்து, சூட்டோடு சூடாகக் கேரியரில் போட்டு மூடிவிட்டேன்.

தரிசனம் முடிய மணி பத்தாகிவிட்டது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். கேரியரைத் திறந்தால் குப்பென்று நாற்றம்! சட்டினி புளித்துப் பொங்கியிருக்கிறது; இட்லியைப் பிட்டால் நூல் விடுகிறது. அதற்குள் அத்தைக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, பையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணியில் தெளிந்தார். ஆனால் உடனே வயிற்றுக்கு ஏதாவது போட்டாக வேண்டுமே! வேறு வழியில்லாமல் வீதியில் இருந்த ஓர் ஓட்டலுக்குள் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன்.

ஆவி பறக்க இட்லி வந்தது. கூடவே கொத்சு. எழுபது வயதுக்கு மேல் முதன்முதலாக ஓட்டலில் சாப்பிட்ட அத்தை, விரலைச் சப்பிக்கொண்டே, “ஏம்மா, இதுல என்ன போட்டிருக்காங்க? கேட்டுட்டு வாயேன்” என்றார்!

அன்று புரிந்தது. வீட்டில் சமைத்ததா, ஓட்டலில் சமைத்ததா என்பது இரண்டாவது கேள்வி. எப்போது சமைத்தது, எவ்வளவு நேரம் வெதுவெதுப்பிலே கிடந்தது என்பதுதான் முதல் கேள்வி. சமைத்த பண்டம் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிருமிகள் மளமளவென்று பெருகும். சட்டம் அன்றோடு ரத்து!

சிதம்பரத்தில்

இட்லி, கொத்சு சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பிஞ்சுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி விட்டு, வறுத்த தனியா, மிளகாய்ப் பொடி சேர்த்துச் செய்வது. நடராஜர் கோயிலில் மிளகு, சீரகம், நெய் சேர்ந்த சம்பா சாதத்துக்கு இதுதான் ஜோடி. கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதிகளிலும் டிபன் ஓட்டல்கள் உண்டு. “கொத்சு இருக்கா?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். குடும்பத்தோடு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட ஹோட்டல் சாரதாராம் இருக்கிறது. சைவத்துக்குத் தனி இடமே உண்டு.

கடலூரில்

காலை டிபனுக்குத் திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, கூட்டம் உள்ள ஓட்டலாகப் பார்த்து நுழையுங்கள். கூட்டம் இருந்தால் பொங்கலும் வடையும் ஆறிக் கிடக்க நேரமிருக்காது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் துறைமுகத்துப் பக்கம் முதுநகர். மத்தி, நெத்திலி, சங்கரா என்று நாளுக்கொரு குழம்பு. “இன்னிக்கு என்ன மீன்?” என்று கேளுங்கள். பெயரைப் பட்டென்று சொன்னால் சரி. “எல்லாம் இருக்கும்மா” என்றால் யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் வெளியூர் ஐஸ் மீன்தான் நிறைய வரும்; நான் சைவச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

சாயங்காலம் வெள்ளிக் கடற்கரைக்குப் போனால் குழந்தைகள் பஜ்ஜிக்கு அடம் பிடிக்கும். வாணலியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து நுரைத்தால் நடையைக் கட்டுங்கள்.

வடலூரில்

இது ஓட்டல் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் போகலாம். வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச் சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி, மதம் கேட்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசச் சாப்பாடு. அங்கே போனால் கையில் கொஞ்சம் அரிசியோ பருப்போ எடுத்துப் போய்க் கொடுங்கள்.

கைக்குழந்தையோடு போகும்போது

* தண்ணீரை வீட்டிலேயே கொதிக்க வைத்து ஆற்றி எடுத்துப் போங்கள். காமாலைக் கிருமி கொதியில் செத்துவிடும்.
* குழந்தைக்கு இட்லி, இடியாப்பம் போல ஆவியில் வெந்து சூடாக வருவதையே கேளுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த சட்டினி, வெட்டி வைத்த பழம், ஐஸ் மூன்றும் வேண்டாம்.
* கை கழுவும் இடத்தைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் சமையலறையும் ஓரளவு நம்பலாம்.
* சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் மாட்டியிருக்கிறதா பாருங்கள். மாட்டுவது சட்டப்படி கட்டாயம்.
* வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், சாப்பாடு மேஜைக்கு வந்த பிறகு மாத்திரையைக் கொடுங்கள். பையில் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

கேரியர் என்னவாயிற்று என்கிறீர்களா? இப்போதும் கூடவே வருகிறது, காலியாக. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவது நல்லதில்லையே? வீட்டில் காத்திருக்கும் என் கணவருக்குக் கொத்சு அதில்தான் வருகிறது. அத்தையோ, “எப்பம்மா மறுபடி சிதம்பரம்?” என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். சாமிக்காகவா, கொத்சுக்காகவா என்று நான் கேட்பதில்லை!