சதுரங்கத்தில் மனிதனும் கணிப்பொறியும்



சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், சதுரங்கப் புதிர் ஒன்றுக்குக் கைப்பேசியைப் பார்த்து நொடியில் விடை சொன்னான். “யானையை ஏன் அங்கே நகர்த்த வேண்டும்?” என்று கேட்டேன். “கணிப்பொறி அப்படித்தான் சொல்கிறது, தாத்தா” என்றான். கணக்குப் பாடம் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற எனக்கு அந்த விடை நிறைவளிக்கவில்லை.

திண்டுக்கல்லில் வாழ்வோர்க்குப் பூட்டைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. சாவி தொலைந்த பூட்டைத் திறக்க இரு வழிகள் உண்டு. பெரிய சாவிக்கொத்து ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். அல்லது, பூட்டு வேலையில் பழகிய தொழிலாளி, அதன் அமைப்பை அறிந்து அதற்கேற்ற சாவியை அராவித் தரலாம். சதுரங்கத்தில் கணிப்பொறி தொடக்கத்தில் சென்றது முதல் வழி. மனிதன் செல்வது இரண்டாம் வழி.

வெள்ளைக் காய்க்குரியவர் முதலில் 20 விதமாக ஆடலாம். கறுப்புக் காய்க்குரியவரும் 20 விதமாக மறுமொழி தரலாம். ஆளுக்கொரு நகர்த்தலிலேயே 400 நிலைகள் தோன்றுகின்றன. 1997-இல் உலக வாகையர் காஸ்பரோவை வென்ற ‘டீப் புளூ’ என்னும் கணிப்பொறி, ஒரு விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. அதற்கு முந்தின ஆண்டில் காஸ்பரோவ் அக்கணிப்பொறியின் முந்தைய வடிவத்தை வென்றிருந்தார். அத்தனை வேகத்தை மனிதர் எவ்வாறு எதிர்த்து நின்றார்?

1973-இல் சேஸ், சைமன் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. உண்மையான ஆட்டமொன்றின் நிலையைச் சில விநாடிகளே காட்டினாலும், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் சரியாக மீண்டும் அடுக்கிவிட்டார். காய்களை முறையின்றி இறைத்துக் காட்டியபோதோ, அவர் புதிதாகக் கற்பவரைவிட மேம்பட்டவராக இல்லை. எனவே அவருடைய வலிமை வெறும் நினைவாற்றல் அன்று. பொருளுள்ள அமைப்புகளைக் கண்டுகொள்ளும் பயிற்சியே ஆகும்.

ஆயினும் இயந்திரத்தைச் சாவிக்கொத்து என்று இன்று எள்ளிவிட முடியாது. 2017-இல் ‘ஆல்பா ஜீரோ’, ஆட்ட விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிக் கற்றது. குறைவான நிலைகளையே ஆராய்ந்தும், மிகுதியாக ஆராயும் கணிப்பொறியை வென்றது. இன்று சாதாரணக் கைப்பேசியிலுள்ள மென்பொருளே உலக வாகையரை வெல்ல வல்லது.

அவ்வாறாயின் எஞ்சியுள்ள வேறுபாடு யாது? 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் சென்னை இளைஞர் குகேஷும் சீனத்து டிங் லிரெனும் ஆடிய பதினான்காம் ஆட்டத்தை நோக்குவோம். இருவரும் சமமான புள்ளிகளுடன் இருந்தனர். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். எனினும் ஆட்டம் சமனாகும் என்பதே கணிப்பொறியின் மதிப்பீடு. குகேஷ் விடாது ஆடினார். பல மணி நேரப் போராட்டத்தின்பின், 55-ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைப் பிழையான கட்டத்தில் வைத்தார். 18 வயதுக் குகேஷ் உலக வாகை சூடினார். களைப்பு, அச்சம், நம்பிக்கை ஆகியவற்றைக் கணிப்பொறி அறியாது. எதிரே அமர்ந்திருக்கும் மனிதன் அறிவான்.

இன்னொன்றும் கருதத்தக்கது. குகேஷின் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, தொடக்கப் பயிற்சிக் காலத்தில் அவரைக் கணிப்பொறியின் துணையின்றியே சிந்திக்கப் பழக்கினார். பிற்காலத்தில் குகேஷும் கணிப்பொறியைப் பயன்படுத்தினார். ஆனால் சிந்திக்கக் கற்றபின் பயன்படுத்தினார்.

என் பணிக்காலத்தில் விடைக்குறிப்பை மனப்பாடம் செய்து தேறிய மாணவர் பலரைக் கண்டுள்ளேன்; அவர்களை அவ்வாறு விட்டதில் எனக்கும் பங்குண்டு. ஆதலால் பேரனிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன்: முதலில் அவன் விடையையும் காரணத்தையும் சொல்ல வேண்டும், பிறகே கைப்பேசியைப் பார்க்கலாம். அவன் விடைகள் இப்போது அடிக்கடி தவறுகின்றன. ஆனால் ‘ஏன்’ என்று கேட்டால், மறுமொழி அவனிடமிருந்தே வருகிறது.